பதினொன்றும் வெள்ளை

பிப்ரவரி 12, புதன்

இந்த நோட்டைக் கல்லூரியில் கொடுத்தார்கள். கொடுத்தவர் ஜெசிந்தா மேடம். படிக்கிற பிள்ளைகளின் மனசைப் பார்த்துச் சொல்கிற உத்தியோகமாம். அவருக்கே முப்பது வயது இருந்தால் அதிகம்.

என் பேத்தி சௌபர்ணிகா புள்ளியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். வகுப்பில் முதல் இரண்டு பேரில் ஒருத்தி. அவள் மனசுக்கு என்ன வந்துவிட்டது, எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல் நானும் என் மகள் சாந்தாமணியும் திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். மாப்பிள்ளை போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். வருடத்தில் ஒன்பது மாதம் அவருக்கு அங்கேதான் வேலை. ஆகவே இந்த வீட்டுக்குப் பொறுப்பு நான்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி இவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் ஆகிறது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ மார்ச் 14க்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் இரண்டும் சொல்லவில்லை. எங்களிடமும் மூச்சு விடவில்லை. நான் உள்ளூரில் பி.எட். படிப்புக்கு இடம் சொல்லி வைத்து, விண்ணப்பத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்கும் அதே தேதிதான் கடைசி. இரண்டு காகிதத்தையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள்.

"எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா, காபி சொல்லட்டுமா?" என்று மேடம் கேட்டார். சௌபர்ணிகா என் முகத்தைப் பார்த்தாள். "அவளுக்கு டீங்க" என்றேன். மேடம் உடனே எதையோ குறித்துக்கொண்டார். பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிற பிள்ளை என்று குறித்திருப்பார் என்று நினைத்தேன். இல்லையாம்.

"வீட்ல முடிவெல்லாம் யாரு எடுப்பாங்க பாட்டி?"

"எல்லாரும் சேந்துதானுங்க."

சாந்தாமணி ஜன்னலைப் பார்த்தாள்.

அப்புறம் இந்த நோட்டு. சௌபர்ணிகா சம்பந்தமாக வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும் ஒரு மாதத்துக்கு எழுத வேண்டுமாம். தேதி, விஷயம், முடிவு எடுத்தவர். மேடம் அதை சாந்தாமணியிடம் நீட்டி, "நீங்க எழுதுங்கம்மா, பாட்டிக்குச் சிரமம்" என்றார்.

"எனக்கு என்னங்க சிரமம்?" என்று நான் வாங்கிக்கொண்டேன்.

பழனாத்தாள் என்கிற நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தால் கரும்பலகையில் எழுதுவதற்கு வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். எழுதிக் காட்டுகிறேன். இந்த வீட்டில் யார் யாரை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று மேடமே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

விஷயம்: சுடிதார். முடிவு எடுத்தவர்: சௌபர்ணிகா.

நீலத்தைத்தான் முதலில் எடுத்தாள். பச்சை தேய்த்து மடித்து இருக்கிறதே என்று சொன்னேன். பச்சையைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டது அவள்தானே.

விஷயம்: காலைச் சட்னி. முடிவு எடுத்தவர்: சௌபர்ணிகா. தேங்காயா தக்காளியா என்று கேட்டேன். "எதுன்னாலும் சரிங்க அமுச்சி" என்றாள். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள் அமுச்சி. அவள் சொன்னபடிதான் எதையோ ஒன்றை அரைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

முடியைத் தோளோடு வெட்டிக்கொள்ள ஆசை என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். "சும்மா சொன்னனுங்க" என்று போய்விட்டாள். முடிவு எடுத்தவர்: சௌபர்ணிகா.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஃபைலைத் துடைத்து வைக்கும்போது மேடம் கொடுத்த அச்சுக் காகிதம் ஒன்று கண்ணில் பட்டது. வேலையோ மேல்படிப்போ தேர்ந்தெடுக்க முடியாமல் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. தப்பாகிவிடுமோ என்ற பயமாம். வீட்டில் இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள் என்ற குற்ற உணர்ச்சியாம். தன் மேல் நம்பிக்கை இல்லையாம். யாராவது எனக்காக முடிவு செய்துவிடுவார்கள் என்று காத்திருப்பதாம். நாலுக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக்.

இவள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது சாந்தாமணியைத் தரையில் உட்காரவிடாமல் பார்த்தவள் நான். பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டதைவிட மடியில் போட்டது அதிகம். அந்தப் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சியாம், நம் வீட்டிலாம்.

அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காகிதத்தோடு போனேன்.

"இதுல டிக் போட்டது உங்க மேடமா?"

"நாந்தானுங்க அமுச்சி."

"உனக்கு என்ன பயம் கண்ணு? இந்த வீட்ல உன்னய யாராச்சும் ஒரு அடி அடிச்சிருக்கறமா?"

"அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க" என்று சிரித்தாள். துணியை உதறினாள். அப்புறம் சிரிப்பு இல்லாமல் சொன்னாள். "அந்த ரெண்டு பேப்பரையும் முன்னால வச்சு உக்காந்தா, எதை எடுத்தா உங்க மூஞ்சி எப்படிப் போகும்னுதான் கண்ணுக்குத் தெரியுது. எனக்கு எது வேணும்னு தேடிப் பாத்தா அந்த எடத்துல ஒண்ணுமே இல்லீங்க. காலியா இருக்குது."

காலியாக இருக்கிறதாம். இருபத்தொரு வருடமாக மூன்று வேளையும் ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு எங்கே காலியாக இருக்கும்? இதெல்லாம் மேடம் சொல்லிக்கொடுத்த பேச்சு.

பிப்ரவரி 19, புதன்

மாப்பிள்ளையிடம் போனில் பேசினேன். பின்னால் மிஷின் சத்தம். "அத்தை, நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க" என்றார். இதுதான் குடும்பம்.

இப்படிப்பட்ட சங்கடத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. மேடத்துக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். கரட்டடி மாரியம்மனிடம் பூக் கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. எந்தப் பூ வந்தால் எது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பொட்டலம் இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்போம். எடுத்ததை மட்டும்தான் பிரிக்கலாம். மீந்ததைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அதுதான் முறை. இதில் யாரும் யாரையும் அடக்க முடியாது. அம்மனை யார் அடக்குவது?

வெள்ளிக்கிழமை போகலாம் என்று சொன்னேன். சௌபர்ணிகா தலையாட்டினாள். முடிவு எடுத்தவர்: சௌபர்ணிகா.

பிப்ரவரி 21, வெள்ளி

விடிந்ததும் வீட்டுச் செடியில் நந்தியாவட்டை பறித்து ஈரத்துணியில் சுற்றினேன். தினசரிக் காலண்டரில் கிழித்த பழைய தாள் இரண்டை எடுத்தேன். எப்போதும் அந்தத் தாள்தான், அளவாக இருக்கும். வாழைநாரால் கட்டினேன். இவர்கள் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடித்துவிட்டேன். பூக்காரியிடம் நிற்கிற வேலைகூட இல்லை.

வெள்ளை வந்தால் பி.எட்., சிவப்பு வந்தால் சென்னை என்று அம்மன் முன்னால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சௌபர்ணிகா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மாதமாக எலும்பும் தோலுமாக ஆனவள், வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டாள். இந்த நிம்மதியை அந்த அச்சுக் காகிதம் கொடுக்குமா? மீந்த பொட்டலத்தை நானே இறங்கிக் கிணற்றில் போட்டேன்.

முடிவு எடுத்தவர்: அம்மன். இதற்கும் டிக் போடுவார்களா என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஏன் என்று கேட்டேன். அவளுடைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அமுச்சி, கோவிச்சுக்காம ஒரு கணக்குக் கேக்கறீங்களா?"

"சொல்லு சாமி."

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து எனக்காகப் பதினொரு தடவை பூப் பாத்திருக்கறோம். சைக்கிள் வேணுமா வேண்டாமான்னு பாத்தது மொதக்கொண்டு எழுதிப் பாத்தேன். பதினொரு தடவையும் வெள்ளை."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்புன்னா பாதிக்குப் பாதி. தொடர்ந்து பதினொண்ணும் வெள்ளையா வர்றதுக்கு ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுல ஒரு வாய்ப்புதானுங்க."

"அம்மன் மனசு வச்சா ரெண்டு லட்சத்துல ஒண்ணும் வரும்."

"வருமுங்க. வரக்கூடாதுன்னு கணக்குல இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் வெள்ளைக்கு எதை வைக்கறதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அம்மனுக்கும் உங்களுக்கும் பதினொரு தடவையும் ஒரே மனசா இருந்திருக்குதே, அதத்தான் யோசிக்கறேன்."

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். தெய்வத்தைக் கணக்குப் போடுகிற படிப்பு இது. இதற்காகவா நான் கல்லூரிக்கு அனுப்பினேன்? அம்மனை வைத்து இந்த வீட்டில் யாரோ திருட்டு வேலை செய்கிறார்கள் என்று சொல்கிறாள். யாரோ என்ன, என்னைத்தான் சொல்கிறாள். அதையும் ஒரு சத்தம் போடாமல், "ங்க" போட்டுச் சொல்கிறாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 4, செவ்வாய்

சாந்தாமணி எனக்குச் சர்க்கரை பார்த்தாள். வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள்தான், ஆனால் எங்கள் தெருவில் யாருக்குப் பிரஷர் என்றாலும் புண் கட்ட வேண்டும் என்றாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். விரலில் குத்தினால் குத்தியதே தெரியாது. எங்கே கற்றாளோ.

ரத்தத்தைத் தொட்டுவைத்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, புள்ள மேல வருத்தம் வச்சுக்காத. அவ கணக்குச் சரிதான்."

"உனக்கென்ன தெரியும் புள்ளியியலு?"

தையல் டப்பாவைத் திறந்தாள். பாபின், ஊசிக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். மடிப்பு மடிப்பாக, பழுத்துப்போன தாள். ஜூன் 18, 2001, திங்கள்.

"சேலத்துல எனக்கு நர்சிங் இடம் கெடச்சப்பக் கட்டுனது. நான் எடுக்காத பொட்டலம். அன்னிக்கு உனக்குக் கால் நோவு, படி எறங்க முடியல. கெணத்துல போட்டுட்டு வான்னு எங்கிட்டக் குடுத்தே." டப்பாவை மூடினாள். "பிரிச்சுப் பாத்துட்டேன்."

உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"இருபத்தி மூணு வருசத்துக்கும் மேலே ஆச்சு. அன்னிக்கே கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா நீ இல்லேன்னு சாதிச்சிருப்பே. அப்பறம் நாம ரெண்டு பேரும் ஒரு வீட்ல எப்படி இருக்கறது?" மிஷினைப் பார்த்தாள். "நூத்தி எழுவது. ராத்திரிக்குக் கோதுமை தோசை போதும்."

மார்ச் 5, புதன்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று இருந்தேன். நோட்டு கல்லூரியுடையது. கிழித்தால் நடுவில் தாள் ஆடும்.

ஒன்று மட்டும் மேடம் படிப்பதற்காக எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆறாவது படிக்க மூன்று மைல் நடக்க வேண்டும். நான் நடக்கத் தயாராகத்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் என் பையைக் காணவில்லை. பரண் மேல் இருந்தது. என் அம்மா அதில் விதைக்கடலையைக் கட்டி வைத்துவிட்டாள். அவ்வளவுதான் என் படிப்பு. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு யாரும் பூக்கூடக் கட்டவில்லை.

நான் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்யவில்லை. குளிக்கவைத்து, கோயிலுக்குக் கூட்டிப் போய், தேங்காய் உடைத்து, அவர்கள் கையாலேயே எடுக்கவைத்தேன். பையைப் பிடுங்கி ஒளிக்கவில்லை. இந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. படித்தவர்களுக்கும் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைதான் கடைசித் தேதி. அன்றைக்கே திரும்பவும் பூப் பார்ப்போம். பூவை வழியிலேயே எல்லார் கண் முன்னாலும் வாங்குகிறேன். கோயிலிலேயே, எல்லார் கண் முன்னாலும் கட்டுகிறேன். கட்டிய பிறகு நான் திரும்பி நின்றுகொள்கிறேன், நீங்களே பொட்டலத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெள்ளை வந்தால் என் காலில் விழ வேண்டும், இரண்டு பேரும்.

"சிவப்பு வந்தா?" என்றாள் சௌபர்ணிகா.

"வராது."

"வந்தா?"

"வந்தா நானே உன்ற பொட்டியத் தூக்கிட்டுச் சென்னைக்கு வர்றேன்."

சாந்தாமணி சிரித்துவிட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பி.எட். விண்ணப்பத்தை அவள் மேசையில் பேனாவோடு வைத்தேன். மாலையில் பார்த்தால் பேனா மட்டும் இடம் மாறியிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

கோயில் வாசலில் பூக்காரி ராக்கம்மாளிடம் நந்தியாவட்டையும் செவ்வரளியும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க ஆத்தா, அதிசயமா இருக்குது. இத்தன வருசத்துல நீங்க எங்கிட்ட அரளி கேட்டதே இல்லீங்களே."

பூ விற்கிறவளுக்கு எதற்கு இந்த வாய்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்று தெரியும். அவர்களும் ஒன்றும் பேசவில்லை. அதுதான் பொறுக்கவில்லை, ஏதாவது பேசியிருக்கலாம்.

கல்மேடையில் உட்கார்ந்து கட்டினேன். இரண்டு காலண்டர் தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. எத்தனை தடவை கட்டிய கை, வாழைநார் முடிச்சில் நிற்க மாட்டேன் என்றது. சாந்தாமணி குனிந்து முடிச்சின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். கட்டினேன். எழுந்து மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அப்போது எனக்கு நெஞ்சு அடித்த அடி மேடத்துக்குச் சொன்னாலும் புரியாது. சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால், பூப் பார்க்க வந்து நான் பயந்து நின்றது அன்றைக்குத்தான். பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் போல.

"திரும்புங்க அமுச்சி."

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். சௌபர்ணிகா ஒன்றை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பிரி கண்ணு."

அவள் பிரிக்கவில்லை. மீந்ததையும் எடுத்தாள். இரண்டையும் என் முந்தானையில் வைத்து முடிந்துவிட்டாள்.

"காலைலயே பதில் அனுப்பிட்டனுங்க. சென்னைக்கு வர்றேன்னு."

அம்மன் சந்நிதி என்பதால் குரலை அடக்கிக்கொண்டேன். "அப்பறம் எதுக்குடி இந்த வெயில்ல என்ற கூட வந்தே? எதுக்குப் பூவ எடுத்தே?"

"நீங்க ஒரு தடவையாச்சும் சரியாக் கட்டறதப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க."

அவள் குரலில் கேலி இருந்திருந்தால் அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். இல்லை. கண் கலங்கியிருந்தது.

"சென்னை சரிப்பட்டு வரலீன்னா என்ன பண்ணுவே?"

"நான் எடுத்தது தப்புன்னு சொல்லிக்குவேன். இதுவரைக்கும் அப்படிச் சொல்லிக்கறதுக்குக்கூட எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குக் காபி" என்றாள். பால் குடிக்கிற வயசு தாண்டியதிலிருந்து இவளுக்கு டீதான் பிடிக்கும் என்று வைத்திருந்தேன். எத்தனை வருடமாக ஒருத்தி பிடிக்காத டீயைக் குடிப்பாள்? சொன்னால் என்ன?

மார்ச் 15, சனி

நோட்டை இன்றைக்கு மேடத்திடம் சேர்க்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று எழுத மாட்டேன்.

எழுத்து மட்டும் கடைசிவரை கோடு தாண்டவில்லை.

பொட்டலம் இரண்டும் அம்மன் படத்துக்குக் கீழே இருக்கின்றன. "பிரிச்சுப் பாக்கட்டுமாம்மா?" என்று சாந்தாமணி கேட்டாள். வேண்டாம் என்றேன். கிணற்றிலும் போடவில்லை. எதில் எந்தப் பூ இருக்கிறது என்று எனக்கே தெரியாத பொட்டலம் இந்த வீட்டில் இதுதான் முதல்.

தேதி: மார்ச் 14. விஷயம்: சென்னை வேலை. முடிவு எடுத்தவர்: சௌபர்ணிகா.

மேடம், மேலே அவள் பேர் போட்ட வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.